ரிப்போர்ட்டில் விட்டுப்போன மூன்று வாரம்

இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இரண்டு பக்கம் அனுபவம் எழுதித் தரச் சொல்லிக் கம்பெனியில் கேட்டார்கள். "நல்லதா நாலு விஷயம் சொல்லுங்க சார், பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்று தேனாகப் பேசினார்கள். நல்லதாக நாலு சொல்ல எனக்கு வராது. என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் நல்லதல்ல. அவர்கள் இதைப் படித்தால் உங்களிடம் கொடுப்பார்களோ மாட்டார்களோ என்ற சந்தேகத்தில் நேராக உங்களுக்கே அனுப்புகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியாது. இங்கே வருவதற்கு முன் இருபத்தாறு வருடம் ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்த்தவன். அங்கே ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கேஜ் உண்டு. கேஜுக்குள் பாகம் போனால் நல்லது, போகாவிட்டால் சிவப்புப் பெட்டி. அதில் இரக்கம் பார்த்தால் எங்கோ ஒரு வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. அந்தக் கண்டிப்பு தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அதை எங்கே கொண்டுபோய் வைத்தேன் என்பதுதான் தப்பு.

ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்தால் மனைவியோடு தினம் சண்டை. ஆறே மாதத்தில் இந்த கோடவுனில் தரம் பார்க்கும் வேலைக்கு வந்துவிட்டேன். ஆப்பிரிக்காவில் கையால் பின்னிய கூடைகளும் தட்டுகளும் வருகின்றன, அவற்றைப் பார்த்துத் தேர்ந்து கடைகளுக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். "புல்லுக்கெல்லாமா இன்ஸ்பெக்‌ஷன்?" என்று மனதுக்குள் சிரித்தேன்.

முதல் நாளே மூக்குடைபட்டேன். கானா நாட்டின் வடக்கிலிருந்து வந்த மூட்டையைப் பிரித்தால் கூடையெல்லாம் மிதிபட்டதுபோல் தட்டையாகக் கிடந்தது. ஒட்டுமொத்தமாகத் திருப்பி அனுப்பச் சொல்லிப் பேப்பர் எடுத்தேன். மேசைக்கு எதிரே இருந்த தனலட்சுமி ஒரு கூடையை எடுத்து, தொட்டித் தண்ணீரில் முக்கி, முழங்காலில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தி விரித்தார். கூடை உருண்டு திரண்டு நின்றது. "இட்த்த அடைக்குதுன்னு மடக்கி அனுப்பறாங்க சார். தண்ணி பட்டா புல்லு பேச்ச கேக்கும். வெயில்ல வெச்சா அப்டியே நிக்கும்" என்றார். நான் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

தனலட்சுமியை உங்களுக்குத் தெரியும், இரண்டாவது மேசை. சேரப்பணஞ்சேரிக்காரர். எட்டு வருடம் செல்போன் கம்பெனி லைனில் நின்றுவிட்டு இங்கே வந்தவர். எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும் என்பது முதல் நாளே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்தது, ஆனால் பிடிக்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது வருடம் தீபாவளிக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. பரிசுப் பெட்டி. உள்ளே புல்லால் பின்னிய வட்டத் தட்டு, அதன்மேல் முந்திரி பாதாம். பெட்டிக்குள் ஓர் அட்டை, அட்டையில் வட்டமாக ஒரு துளை. தட்டு அந்தத் துளைக்குள் உட்கார வேண்டும். சாம்பிளாக வந்த தட்டுகளை வைத்துப் பார்த்தோம். பத்தில் நாலு உட்காரவில்லை. ஒன்று நீள்வாக்கில் விரல் அகலம் கூடுதல், ஒன்று ஓரத்தில் லேசாகத் தூக்கல். கையால் பின்னியது அப்படித்தான் இருக்கும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? படப்பையில் ஒரு ஆசாரியிடம் போய் பிளைவுட்டில் ஒரு வளையம் வெட்டி வாங்கி வந்தேன். அட்டையில் இருந்த துளைக்கு மயிரிழை பிசகாத அளவு. வளையத்துக்குள் அடங்கும் தட்டு நல்லது, மற்றது ரிஜெக்ட். இருபத்தாறு வருடப் பழக்கம் கைக்கு வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தனலட்சுமி அந்த வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார், தட்டு கோணலா கீதுன்ற. தட்டு கையால பண்ணது. பொட்டி மிஷின்ல பண்ணது. பொட்டியில ஓட்டைய கொஞ்சம் பெருசா வெட்டச் சொல்லு சார். பென்னலூர்லதான பண்றான்? டீ குட்ச்சிகினே போய்ட்டு வந்துடலாம்."

மேசையைச் சுற்றியிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்றது. "டிராயிங் கஸ்டமர் அப்ரூவ் பண்ணது. அதெல்லாம் மாத்த முடியாது" என்றேன். மாற்றலாம். ஒரு போன் செய்து கேட்டிருந்தால் கஸ்டமர் சரி என்றிருப்பார், பெட்டிக்காரரும் வெட்டிக் கொடுத்திருப்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, பத்து கிலோமீட்டரில் இருக்கும் அட்டையை விட்டுவிட்டு, கடல் தாண்டி இருக்கும் கைகளைத் திருத்தக் கிளம்பினேன். அதே அளவில் இன்னும் சில வளையங்கள் வெட்டச் சொல்லி, கூரியரில் கானாவுக்கு அனுப்பினேன்.

அங்கே பின்னும் பெண்கள் ஒரு குழுவாக இருந்தார்கள். எங்களோடு பேசியது அசிபி என்ற பெண். ஆங்கிலம் தெரிந்தவர், முப்பது வயதுக்குள் இருக்கும். எழுதுவதைவிட, என்னிடம் இருந்த ஆபீஸ் போனுக்கு வாட்ஸ்அப்பில் குரலாகப் பேசி அனுப்புவார். என்னை "பாஸ்" என்றுதான் கூப்பிடுவார். அவர் குரலை நான் மேசையில் சத்தமாகப் போடுவேன். வார்த்தை புரியாவிட்டாலும் நம் பெண்கள் கேட்டுவிட்டு, "நல்லா கீறியாம்மா?" என்று போனைப் பார்த்துத் தமிழில் கேட்பார்கள். அப்படி ஒரு பழக்கம்.

வளையம் போய்ச் சேர்ந்ததும் அசிபி பேசினார். "பாஸ், இந்த அளவுக்கு வரவேண்டுமென்றால், பின்னி முடித்த தட்டை மறுபடி நனைத்து, வளையத்துக்குள் அழுத்தி, மேலே கல் ஏற்றி வைக்க வேண்டும். செய்துவிடுவோம். ஆனால் இங்கே மழை தொடங்கிவிட்டது. காய வெயில் இல்லை. பெண்கள் மூன்று வாரம் கூடுதலாகக் கேட்கிறார்கள்."

தீபாவளி நமக்காகத் தள்ளிப் போகாது. கப்பல் பிடிக்கும் நாள் குறித்தாகிவிட்டது. இருந்தாலும் மூன்று வாரத்துக்கு வழி இருந்தது. பாதியை முதலிலும் பாதியைப் பின்னாலும் அனுப்பச் சொல்லியிருக்கலாம், வளையத்தையே கைவிட்டிருக்கலாம். மேனேஜரிடம் போய்க் கேட்டால், "மழை வரும்னு முன்னாடியே தெரியாதா சார்?" என்று கேட்பாரோ என்று யோசித்தேன். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துகொண்டு, "நாள் மாறாது" என்று மூன்று சொல்லில்கூட இல்லை, இரண்டே சொல்லில் பதில் போட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு போட்டோ வந்தது. ஓர் அறை. தரை முழுக்கத் தட்டுகள், ஒவ்வொன்றின்மேலும் ஒரு கல். வட்டம் என்றால் வட்டம், கோலமாவில் சுற்றியதுபோல. நான் போட்டோவைப் பெரிதாக்கி விளிம்புகளைப் பார்த்தேன். தனலட்சுமி என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"தரைய பாரு சார், ஈரமா கீது. வூட்டுக்குள்ள வெச்சிகினு கீறாங்க. இது எப்டி சார் காயும்?"

பார்த்தேன். ஈரம் தெரிந்தது. வாசலுக்கு அப்பால் மழை பெய்வதும் தெரிந்தது. பிள்ளைகளே, பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வாயில்லை. பார்ப்பதுதான் என் தொழில்.

செப்டம்பரில் கன்டெய்னர் வந்தது. கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு வாடை அடித்தது. மழையில் நனைந்த கோணிப்பையை மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. முதல் மூட்டையைப் பிரித்தார்கள். தட்டெல்லாம் கரும்பூஞ்சை. இரண்டாவது, மூன்றாவது, கடைசி மூட்டை வரைக்கும் அதேதான். பழக்கதோஷத்தில் நான் ஒரு தட்டை எடுத்து வளையத்தில் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக அடங்கியது. இன்னொன்றை வைத்தேன், அதுவும் அடங்கியது. பெண்கள் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தரும் சிரிக்கவில்லை.

தின்பண்டம் வைக்கும் தட்டு. துடைத்து அனுப்புகிற பேச்சே இல்லை. மொத்தத்தையும் கழித்தோம்.

மேனேஜர் வந்தார். என்னைவிட இருபது வயது சின்னவர், மரியாதையானவர். "சார், அஞ்சு மணிக்கு கஸ்டமர் கால். அதுக்குள்ள ஒரு பக்கம் ரிப்போர்ட் வேணும். லெட்டர்ஹெட்ல, சீல் போட்டு. சப்ளையருக்கும் அதே காப்பி போயிடும்." அப்போது மணி மூன்று.

இரண்டு மணி நேரம் இருந்தது. நெருக்கடியில் யோசிக்க நேரமில்லை என்று பின்னால் எல்லாரும் சொல்வார்கள், நானும் வெளியில் சொல்லியிருக்கிறேன். பொய். யோசிக்க நிறையவே நேரம் இருந்தது. வளையம் என்னுடையது, நாள் மாறாது என்றதும் நான், போட்டோவில் ஈரத்தைப் பார்த்ததும் நான். இந்த மூன்றையும் எழுதினால் என் பெயர் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். அடுத்த மாதம் என் கான்டிராக்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிது, இருபத்தாறு வருடம் அடுத்தவன் தப்பில் சிவப்பு மையால் வட்டம் போட்டவனுக்கு, தன்னைச் சுற்றி வட்டம் போடக் கை வரவில்லை.

எழுதினேன். "தட்டுகளில் ஈரப்பதம் அளவுக்கு மேல் இருந்துள்ளது. சப்ளையர் தரப்பில் உலர்த்தும் பணியில் கவனக்குறைவு." அவ்வளவுதான். முதல் வரி சுத்த உண்மை. இரண்டாவது வரியில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தேன். கையெழுத்துப் போட்டு, நீல மையில் சீலைத் தோய்த்து அழுத்திக் குத்தினேன்.

பேப்பரை எடுத்துக்கொண்டு போகும்போது தனலட்சுமி வழியில் நின்றார். "வளையத்த பத்தி எழுதினியா சார்?"

"உன் வேலைய பாரும்மா."

"அவங்க மூணு வாரம் கேட்டாங்களே, அது?"

நான் பேப்பரோடு மேனேஜர் அறைக்கு நடந்தேன். அன்றைக்கு அவர் வாயைத் திறந்து மேனேஜரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வேலை அல்ல, அவர் வேலைதான் போகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் பேசாமல் இருந்ததை நான் எனக்குச் சாதகமாக்கிக்கொண்டேன்.

அந்த வாரமே அசிபியிடமிருந்து குரல் வந்தது. திட்டுவார் என்று நினைத்து, அன்றைக்கு மட்டும் மேசையில் போடாமல் காதில் வைத்துக் கேட்டேன். திட்டவில்லை. "பாஸ், ரிப்போர்ட் வந்தது. எங்கள் தட்டு கெட்டுப்போனது உண்மைதான். அந்த மூன்று வாரத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி சேர்த்து எழுதித் தாருங்கள். எனக்கு அது வேண்டும்." எனக்கு அது வேண்டும் என்று ஏன் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. மூன்று தடவை கேட்டுவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன். குழுவின் பெயர் நம் சப்ளையர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. என் கான்டிராக்ட் ஒரு வருடம் நீண்டது.

அந்த ஒரு வருடமும் நான் யாரையும் கடிந்து பேசவில்லை. சார் சாந்தமாகிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். தனலட்சுமி வேலை நேரத்தில் வேலைக்கான பேச்சு மட்டும் பேசினார். "சார்" என்று கூப்பிடுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை. எனக்குத்தான் அந்தச் சொல் காதில் உறுத்தியது.

வேலையை விட்ட பிறகு, போன தை மாதம், ஒருநாள் மத்தியானம் மனசு கேட்காமல் அசிபிக்குப் போன் செய்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். எடுத்தார். வளையமும் நாளும் போட்டோவும் என் தப்பு, ரிப்போர்ட்டில் மறைத்துவிட்டேன் என்று சொன்னேன்.

பிறகு அவர் சொன்னதை உங்களுக்கு அப்படியே சொல்கிறேன். அவர்கள் குழுவில் தட்டுகளைக் காய வைத்து, காய்ந்தது என்று சொல்லும் பொறுப்பு ஒரே ஒரு பெண்மணியுடையது. அவர் சரி என்றால்தான் மூட்டை கட்டுவார்கள். மூன்று வாரம் கேட்டதும் அவர்தான். நாள் மாறாது என்று நான் சொன்ன பிறகு வேறு வழியில்லாமல் தலையாட்டியவரும் அவர்தான். என் ரிப்போர்ட்டை அசிபி கூட்டத்தில் வாசித்து, அவர்கள் மொழியில் சொல்லியிருக்கிறார். ஆர்டர் போன கோபத்தில் இருந்தார்கள் எல்லாரும். மூன்று வாரம் கேட்டோமே என்று அந்த அம்மாள் சொன்னபோது, "அதுதான் காரணம் என்றால் கம்பெனிக் காகிதத்தில் இருக்குமே" என்று கேட்டார்களாம். காகிதத்தில் உலர்த்தியதில் கவனக்குறைவு என்றுதான் இருந்தது. அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

"அவர் என் அம்மா, பாஸ். மகள் என்பதால் காப்பாற்றுகிறேன் என்று பேச்சு வரக்கூடாதே. அவரை நீக்க முதலில் கை தூக்கியது நான்தான்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டும் ஒரே வீட்டுக்குள் போய் விழுந்ததை நான் போனில் கேட்டுக்கொண்டு நின்றேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அம்மாவிடம் போனைக் கொடுங்கள், மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அசிபி உள்ளே போய்ப் பேசுவது கேட்டது. திரும்பி வந்து, "அவருக்குப் பேச ஒன்றுமில்லையாம். எழுதித் தரச் சொல்கிறார். கூட்டத்தில் வாசிக்க வேண்டுமாம்" என்றார்.

மறுநாளே மேனேஜரைப் பார்க்க வந்தேன். விஷயத்தைச் சொல்லி, லெட்டர்ஹெட்டில் ஒரு திருத்தம் கேட்டேன். அவர் டீ வரவழைத்தார். "சார், முடிஞ்சுபோன விஷயம். இப்ப எதுக்குக் கிளறணும்? உங்க மனசுக்கு வேணும்னா நீங்களே ஒரு லெட்டர் எழுதி அனுப்புங்க" என்றார். கெட்டவர் இல்லை. அவருக்கு மேலேயும் யாரோ கேள்வி கேட்பார்கள், அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

வெளியே வரும்போது தனலட்சுமியிடம் நடந்ததைச் சொன்னேன். வெகுநாளைக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தார். "நானும் கையெழுத்து போட்றேன் சார். நானும்தான பார்த்தேன்" என்றார். வேண்டாம் என்றேன். ஏற்கெனவே ஒரு தடவை அவர் தலையில் என் பாரத்தை ஏற்றியிருக்கிறேன்.

வீட்டுக்குப் போய் வெள்ளைத்தாளில் எழுதினேன். ஒன்றையும் மறைக்கவில்லை. கூரியரில் அனுப்பினேன். அசிபி கூட்டத்தில் வாசித்தார். பெண்கள் தாளைக் கைக்குக் கை வாங்கிப் பார்த்தார்களாம். பழைய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களாம். கையெழுத்து ஒன்றுதான் என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனால் முதல் காகிதத்தில் சீல் இருக்கிறது, இதில் இல்லையே என்று கேட்டிருக்கிறார்கள். பெற்ற மகள் அம்மாவுக்காக எங்கேயோ எழுதி வாங்கி வந்தது என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். கூட்டம் அதோடு கலைந்துவிட்டது.

சீல் என் கையில் இருந்த நாளில் உண்மை எழுத எனக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. உங்களுக்குப் புத்தி சொல்ல வேண்டுமானால் இந்த ஒன்றைத்தான் சொல்வேன். ஆனால் நான் இதை எழுதியது புத்தி சொல்ல மட்டும் அல்ல. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்பதற்கு எனக்கு முகமில்லை, இருந்தும் கேட்கிறேன்.

அந்த சீல் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. நான் சொன்னேன் என்பதற்காகக் குத்திவிடாதீர்கள், அந்தப் பழக்கமே கூடாது. பழைய பைலை எடுங்கள். மூன்று வாரம் கேட்ட குரல், நான் போட்ட பதில், அந்த அறையின் போட்டோ எல்லாம் ஆபீஸ் போனில் இருக்கும், நான் அழிக்கவில்லை. தனலட்சுமியிடம் கேளுங்கள். என்னை ஒரு தட்டுபோல எடுத்து வைத்துப் பாருங்கள். அந்த ரிப்போர்ட்டில் நான் எழுதியது பொய் என்று உங்களுக்குப் பட்டால், அப்படியே லெட்டர்ஹெட்டில் எழுதி மேனேஜரிடம் கொண்டுபோங்கள். அவர் மறுபடி டீ வரவழைப்பார். குடித்துவிட்டு மறுபடி கேளுங்கள். உங்களுக்கு இஷ்டமில்லை என்றால் இந்தத் தாளை மடித்து வைத்துவிடுங்கள், உங்கள்மேல் எனக்கு வருத்தம் வராது.

அசிபியின் அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயதாகிறது. அவர்கள் கூட்டம் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கிறது.